ஒரு நுரையீரலை நிறுத்திவைத்தால் அப்பா தாங்குவாரா?

முக்கூடல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

அப்பாவுக்கு வயது 59. கொஞ்சம் நெல், கொஞ்சம் வாழை என்று விவசாயம். இருபது வருடத்துக்கு முன்பு டிபி வந்து, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானவர். இளவயதிலிருந்தே பீடி. அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார். இருமலோடு சளியில் ரத்தக்கீற்று தெரிந்ததால் ஸ்கேன் எடுத்தார்கள். வலது நுரையீரலின் மேல்பகுதியில் கட்டி, சதைப் பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. வேறெங்கும் பரவவில்லை. அந்த மேல்பகுதியை அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம் என்று திருநெல்வேலியில் டாக்டர் சொல்லி, மூன்று வாரத்தில் தேதியும் கொடுத்துவிட்டார்.

மயக்க மருந்துப் பரிசோதனைக்குப் போன இடத்தில்தான் பயம் பிடித்திருக்கிறது. "ஆபரேஷன் முடியும்வரை வலது நுரையீரலை நிறுத்திவைப்போம், இடது நுரையீரலில் மட்டும் மூச்சு ஓடும்" என்று அந்த டாக்டர் சொன்னாராம். இரண்டு நுரையீரலோடேயே இரண்டு மாடி ஏறினால் இளைக்கிற மனுசன், ஒன்றில் எப்படித் தாங்குவார்? நிறுத்தினது திரும்ப வேலை செய்யுமா? கொரோனா சமயத்தில் பெரியம்மாவை வென்டிலேட்டரில் பறிகொடுத்த குடும்பம் இது. "மிஷின்ல போட்டா அவ்வளவுதான், கூட்டிட்டு வந்துருங்க" என்கிறார் சித்தப்பா. முதுகில் ஊசி போட்டு முழிப்போடு செய்ய முடியாதா என்று அண்ணன் கேட்கிறார்.

கடைசிப் பக்கத்தில் இரண்டு விஷயங்களைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். பீடியை விட்டுவிட்டதாக டாக்டரிடம் சொன்ன அப்பா, தொழுவத்துக்குப் பின்னால் போய் தினமும் நாலைந்து குடிக்கிறார். "திடீர்னு விட்டா சளி அடைச்சிரும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதால் மகளும் கண்டுகொள்ளவில்லை. இன்னொன்று, நோய் புற்றுநோய் என்பது அப்பாவுக்குத் தெரியாது. சாதாரணக் கட்டி என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். கையெழுத்து அண்ணன் போட்டால் போதும்தானே என்பது கேள்வி. திருநெல்வேலியிலேயே செய்வதா, திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போவதா என்றும் கேட்டிருக்கிறார்.

அம்மா, மயக்க மருந்து மருத்துவராக, உங்கள் ஊர்க்காரர்கள் 'மயக்க டாக்டர்' என்று கூப்பிடுகிற ஆளாக, பதில் எழுதுகிறேன். நீங்கள் பயந்து எழுதிய முதல் மூன்று பக்கமும் எனக்கு அவ்வளவு கவலை தரவில்லை. கடைசிப் பக்கம்தான் தருகிறது. ஆனாலும் உங்கள் வரிசையிலேயே போகிறேன்.

ஏன் நிறுத்த வேண்டும்?

நுரையீரல் ஒரு நிமிடத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து முறை விரிந்து சுருங்குகிற உறுப்பு. அதன் மேல்பகுதியை எடுக்க வேண்டுமானால், இதயத்திலிருந்து நேராக வருகிற பெரிய ரத்தக்குழாயின் கிளைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அடைக்க வேண்டும். மெல்லிய சுவருள்ள குழாய்கள் அவை. அசைந்துகொண்டே இருக்கிற இடத்தில் அந்த வேலையைச் செய்யச் சொல்வது நியாயமில்லை. அதனால் அந்தப் பக்கம் காற்றுப் போவதை நிறுத்துகிறோம். நுரையீரல் தானாகச் சுருங்கி ஒதுங்கிவிடும்.

அதற்கென்றே ஒரு குழாய் இருக்கிறது. டபுள் லூமன் ட்யூப் என்போம். ஒரே குழாய்க்குள் இரண்டு தடங்கள், ஒன்று வலது நுரையீரலுக்கு, ஒன்று இடதுக்கு. ஸ்வீடனில் கார்லென்ஸ் என்ற மருத்துவர் 1949இல் இதன் முதல் வடிவத்தைச் செய்தார். இன்று பிளாஸ்டிக்கில், அளவுவாரியாக வருகிறது. பெரும்பாலும் இடது மூச்சுக்கிளைக்குள் நிற்கிற வகையைத்தான் எடுப்போம், வலப்பக்க ஆபரேஷனுக்கும். இடது கிளை ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு நீளமாக இருப்பதால் குழாய் உட்கார இடம் கிடைக்கும். வலது கிளை இரண்டு சென்டிமீட்டர் போனதுமே மேல்பகுதிக்குப் பிரிந்துவிடும். அங்கே குழாய் கொஞ்சம் நகர்ந்தாலும் வாசல் அடைபட்டுப்போகும்.

குழாயைப் போட்டுவிட்டு நம்பிக்கையில் விட்டுவிட மாட்டோம். பிராங்கோஸ்கோப் என்கிற, பென்சிலைவிட மெல்லிய கேமராக் குழாயை அதற்குள் விட்டுப் பார்ப்போம். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிகிற முகட்டுக்குச் சற்றுக் கீழே, குழாயின் நுனியிலுள்ள நீலப் பலூனின் விளிம்பு லேசாகத் தெரிய வேண்டும். அதிகம் தெரிந்தால் குழாய் மேலே நிற்கிறது, தெரியவே இல்லையென்றால் ஆழமாகப் போய்விட்டது. அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்த பிறகு மறுபடியும் பார்ப்போம், ஏனென்றால் திருப்பும்போது குழாய் நகர்வது சகஜம்.

ஒன்றில் எப்படித் தாங்குவார்?

உங்கள் கணக்கில் பாதி சரி. காற்று நின்ற நுரையீரலுக்கும் ரத்தம் போய்க்கொண்டுதான் இருக்கும், அந்த ரத்தம் ஆக்ஸிஜன் எடுக்காமலே திரும்பி வரும். அதனால் உடம்பில் ஆக்ஸிஜன் கொஞ்சம் குறையும், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் உடம்பிடம் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. உங்கள் அப்பா விவசாயி, அவருக்கே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: விதைக்காத வயலுக்குத் தண்ணீர் போகாமல் மடையை அடைத்து மற்ற வயலுக்குத் திருப்பி விடுகிற மாதிரி, காற்று வராத பக்கத்து ரத்தக்குழாய்கள் தாமாகவே சுருங்கி, ரத்தத்தை வேலை செய்கிற நுரையீரலுக்குத் தள்ளிவிடும். 1946இலேயே கண்டுபிடித்து எழுதப்பட்ட விஷயம் இது. கூடவே, ஒருக்களித்துப் படுத்திருக்கையில் கீழே இருப்பது இடது நுரையீரல் என்பதால் இயல்பாகவே அங்கேதான் ரத்தம் அதிகம் இறங்கும்.

மீதி எங்கள் வேலை. 60 கிலோ ஆளுக்கு ஒரு நுரையீரலில் ஒரு மூச்சுக்கு 240 முதல் 360 மில்லிவரைதான் காற்றுக் கொடுப்போம். அதிகமாகத் தள்ளினால் நல்ல நுரையீரல் புண்படும். மூச்சு முடிகிற நேரத்தில் அது முழுக்கச் சுருங்காமல் இருக்கக் கொஞ்சம் அழுத்தம் வைப்போம். விரலில் ஆக்ஸிஜன் கிளிப், வெளிவரும் காற்றில் கரியமில வாயுவை அளக்கும் கருவி, பெரும்பாலும் மணிக்கட்டு ரத்தக்குழாயில் ஒரு ஊசி, இத்தனையும் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் 92 என்று காட்டினால் ஆம்புலன்ஸ் கூப்பிடுவீர்கள். ஆபரேஷன் தியேட்டரில் அந்த நேரத்துக்கு 92 எங்களுக்குச் சம்மதமான எண்தான்.

அதற்கும் கீழே இறங்கினால்? ஆக்ஸிஜனைக் கூட்டுவோம், பிராங்கோஸ்கோப்பால் குழாயைச் சரிபார்ப்போம், சளியை உறிஞ்சுவோம், நிறுத்திவைத்த பக்கத்துக்கும் கொஞ்சம் ஆக்ஸிஜன் கசிய விடுவோம். எதற்கும் மசியாவிட்டால் சர்ஜனிடம் "கையை எடுங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு நுரையீரலையும் ஓடவிடுவோம். நிறுத்தியதை எந்த நிமிடமும் திரும்பத் திறக்கலாம் என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். காற்று நின்ற நுரையீரல் செத்துப்போவதில்லை, அதற்கு ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது. வேலை முடிந்ததும் நெஞ்சுக்குள் இளஞ்சூடான உப்புநீரை ஊற்றுவார்கள். மூச்சுக்குழாயோடு இணைந்த காற்றுப் பையை நான் மெதுவாக அழுத்திப் பிடிப்பேன். மங்கிச் சுருண்டுகிடந்த நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஓரத்திலிருந்து ரோஸ் நிறமாகி உப்பிவரும். தண்ணீரில் குமிழி வருகிறதா என்று எல்லோரும் குனிந்து பார்ப்போம். குமிழி வந்தால் அங்கே காற்று கசிகிறது, தைக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு லாபமும் உண்டு, அப்பாவுக்கு முக்கியமானது. சளியில் ரத்தம் வருகிறவர் அவர். இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், வலப்பக்கத்து ரத்தமோ சளியோ இடப்பக்கம் இறங்கி நல்ல நுரையீரலைக் கெடுக்காது.

அண்ணன் கேட்ட முதுகு ஊசிக்கு வருகிறேன். நெஞ்சைத் திறந்ததும் வெளிக்காற்று உள்ளே போய் அந்தப் பக்க நுரையீரல் சுருங்கிவிடும், நோயாளி தானாக மூச்சுவிடத் திணறுவார். நூறு வருடத்துக்கு முன்பு நெஞ்சு அறுவை சிகிச்சைக்கே இதுதான் பெரிய தடை. 1904இல் ஜெர்மனியில் சாவர்ப்ரூக் என்பவர், நோயாளியின் தலை வெளியேயும் உடம்பும் டாக்டர்களும் உள்ளேயுமாக ஒரு காற்றழுத்த அறையே கட்டினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முழிப்போடு செய்கிற சின்னச்சின்ன நெஞ்சு சிகிச்சைகள் இன்று உண்டு. உங்கள் அப்பாவுக்கு, அதுவும் பழைய டிபியால் நுரையீரல் நெஞ்சுச்சுவரில் ஒட்டியிருக்க வாய்ப்புள்ளவருக்கு, நான் அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் முதுகில் ஒரு மெல்லிய குழாயை வைத்து வலி மருந்து கொடுப்பது உண்டு. மயக்கத்துக்குப் பதிலாக அல்ல, மயக்கத்தோடு கூட. வலியில்லாமல் இருமினால்தான் சளி வெளியே வரும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஏதும் சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் குழாயை வைக்க முடியாமல் போகலாம்.

சித்தப்பாவின் வென்டிலேட்டர்

பெரியம்மாவுக்கு நடந்ததை நினைத்துத்தான் அவர் பேசுகிறார், அவர்மேல் வருத்தப்படாதீர்கள். அன்று நுரையீரல் முழுக்க நோயில் கெட்டுப்போன பிறகு, வேறு வழியில்லாமல் மிஷின் வைத்தார்கள். இங்கே தசைகளைத் தளர்த்தும் மருந்தை நாங்களே கொடுத்து மூச்சை நிறுத்துகிறோம், அந்தச் சில மணி நேரத்துக்கு மிஷின் மூச்சுவிடுகிறது. மருந்து தெளிந்ததும் பெரும்பாலானவர்களுக்குத் தியேட்டர் மேசையிலேயே குழாயை எடுத்துவிடுவோம். தொண்டைக் கரகரப்பு ஓரிரு நாள் இருக்கும்.

சிலருக்கு மிஷின் ஒரு ராத்திரியோ கூடவோ தேவைப்படும், மறைக்கவில்லை. நிமோனியா, இதயத் துடிப்பு தாறுமாறாவது, காற்றுக் கசிவு நீடிப்பது, எல்லாமே வரக்கூடியவை. அபூர்வமாக உயிருக்கே ஆபத்தும் உண்டு. உங்கள் அப்பாவுக்கு அது எவ்வளவு என்பதை அவருடைய பரிசோதனை முடிவுகள் ஓரளவு சொல்லும். ஊதிப்பார்த்த சோதனையில் எதிர்பார்க்கும் அளவில் 68 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு நுரையீரலுக்கும் சேர்த்து 19 பங்கு என்று வைத்துக்கொண்டால், வலது மேல்பகுதி அதில் 3 பங்கு. எடுத்த பிறகு 68இல் 16/19 மிஞ்சும், அதாவது சுமார் 57. அறுபதுக்கு மேல் என்றால் பொதுவாகத் தைரியமாகப் போகலாம். முப்பதிலிருந்து அறுபதுக்குள் என்றால் படியேறவைத்தோ நடக்கவைத்தோ பார்த்துவிட்டு முடிவு செய்வது முறை. கூடவே, நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு நன்றாகப் போகிறது என்று பார்க்கும் டி.எல்.சி.ஓ. சோதனையும் வேண்டும். உங்கள் கடிதத்தில் இவை இரண்டும் இல்லை. செய்தார்களா என்று கேளுங்கள். "இரண்டு மாடி ஏறினால் இளைக்கிறது" என்று எனக்கு எழுதியதை அந்த டாக்டரிடமும் அப்படியே சொல்லுங்கள்.

தொழுவத்துப் பின்னால் நடப்பது

இதை உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அப்பாவைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று நினைக்காதீர்கள்.

பீடிப் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு ரத்தத்தில் ஆக்ஸிஜனுடைய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் விரலில் மாட்டுகிற சாதாரண கிளிப்புக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. உண்மையான ஆக்ஸிஜன் குறைவாக இருக்கும்போதே 98 என்று காட்டும். ஒரு நுரையீரலில் மூச்சு ஓட்டிக்கொண்டு, அந்த ஒற்றை எண்ணைப் பார்த்து முடிவெடுக்கிற எனக்கு, காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் குடித்த பீடி பொய்க்கணக்கு எழுதிவைத்துவிட்டுப் போகிறது. புகையால் எரிச்சலடைந்த மூச்சுக்குழல் குழாய் பட்டதும் இறுகிக்கொள்வதும் உண்டு. தெரிந்திருந்தால் மருந்தோடு தயாராக இருப்போம்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது முழுக்க அவர் கற்பனையில்லை. ஆபரேஷனுக்குக் கொஞ்சம் முன்னால் விட்டால் சிக்கல் கூடும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நினைத்தோம். பிற்பாடு வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் அப்படி இல்லை என்று தெளிவாகிவிட்டது. ஒரே நாள் விட்டால்கூட கார்பன் மோனாக்ஸைடு பெருமளவு இறங்கிவிடும். மூன்று வாரம் கையில் இருக்கிறது, சளியை வெளியேற்றுகிற மூச்சுக்குழலின் நுண்ணிய மயிரிழைகள் மறுபடி வேலை செய்யத் தொடங்கப் போதுமான காலம். முதல் சில நாள் இருமல் அதிகமாகலாம், அதைப் பார்த்து மிரள வேண்டாம். சிகரெட்டைவிடப் பீடி லேசானது என்பதும் தப்பு. இலை இறுக்கமானது, அணையாமல் இருக்க ஆழமாக இழுக்க வேண்டியிருக்கும், விஷம் அதிகமாகத்தான் போகிறது. தனியாக விட முடியவில்லை என்றால் நிகோடின் சூயிங்கம் மாதிரி மருந்துகள் உண்டு, டாக்டரைக் கேளுங்கள். 1800 112 356 என்ற இலவச எண்ணிலும் வழிகாட்டுவார்கள்.

வீட்டில் இன்னொன்று செய்யலாம். அம்மாவின் சுளகும் தூளும் அப்பா படுக்கிற அறையிலேயே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். திண்ணைக்கு மாற்றுங்கள். கம்பெனியில் தள்ளுபடியாகி வருகிற பீடிதான் தொழுவத்துக்குப் போகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். தப்பாக இருந்தால் அம்மா மன்னிக்கட்டும்.

கையெழுத்து யாருடையது?

அப்பாவுடையது. அவர் சுயநினைவோடு, புரிந்து முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறார். அப்படிப்பட்ட வயதுவந்த ஒருவருக்காக மகனோ மனைவியோ சம்மதம் தர முடியாது. 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. என்ன சிகிச்சை, எதற்கு, மாற்று வழி என்ன, ஆபத்து என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்து கொடுத்தால்தான் அது சம்மதம். அண்ணன் சாட்சியாகப் போடலாம்.

புற்றுநோய் என்று தெரிந்தால் மனசு உடைந்துபோவார் என்கிறீர்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, நம் ஊரில் வீட்டுக்கு வீடு இதுதான் நடக்கிறது. ஆனால் சாதாரணக் கட்டிக்கு நெஞ்சைப் பிளப்பானேன், பீடியை விடுவானேன் என்று அவர் நினைத்தால் அதில் என்ன தப்பு? அவர் ஒளித்துக் குடிப்பதில் பாதிக் காரணம் நீங்கள் ஒளித்ததுதானோ என்று எனக்குத் தோன்றுகிறது. ஆபரேஷன் முடிந்த அன்று வலியைப் பொறுத்துக்கொண்டு இருமு, எழுந்து நட, மூச்சுப்பயிற்சிக் கருவியில் மூன்று உருண்டையும் மேலே போகிறவரை மூச்சை இழு என்று சொல்லப்போகிறோம். எதற்காக என்று தெரிந்தவர்தான் அதைச் செய்வார்.

நீங்களே சொல்ல வேண்டாம். சர்ஜனிடம் நேரம் கேட்டு, அப்பாவோடு உட்காருங்கள். "உங்களுக்கு என்ன வந்திருக்குன்னு நினைக்கீங்க?" என்று டாக்டர் ஆரம்பிக்கட்டும். பல பேர் ஏற்கெனவே யூகித்திருப்பார்கள். "விவரமெல்லாம் எனக்கு வேண்டாம், மகள்கிட்ட சொல்லுங்க" என்று அப்பாவே சொன்னால் அதுவும் அவர் உரிமைதான், கேஸ் ஷீட்டில் எழுதிவிடலாம். நேரத்திலேயே கண்டுபிடித்தாயிற்று, பரவவில்லை, எடுத்துவிட முடியும் என்று சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறீர்கள். எல்லாருக்கும் இந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை.

இங்கேயா, திருவனந்தபுரமா?

இரண்டாவது கருத்துக் கேட்பதில் தப்பே இல்லை, எந்த நல்ல சர்ஜனும் கோபப்பட மாட்டார். கேட்டதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது விதி. ஸ்கேன் சிடி, சதைப் பரிசோதனையின் ஸ்லைடு, ஊதிப்பார்த்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள், அலைந்து அலைந்து மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. அப்புறம், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குக் கூட்டிப்போவதாக இருந்தால், வாசல் பலகையை அப்பா படிப்பார் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எந்த ஊராக இருந்தாலும் கேட்க வேண்டியவை:

- நெஞ்சு அறுவை சிகிச்சையை வாடிக்கையாகச் செய்கிற மயக்க டாக்டர் அன்று இருப்பாரா? தியேட்டரிலேயே பிராங்கோஸ்கோப் உண்டா?
- ஆபரேஷனுக்குப் பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை உறுதியா? வலிக்கு என்ன திட்டம்? பிசியோதெரபிஸ்ட் தினமும் வருவாரா?
- பழைய டிபி மறுபடி உயிரோடு இல்லை என்று சளிப் பரிசோதனையில் பார்த்தாயிற்றா?

செலவைப் பற்றி ஒரு வரி: குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம்வரை வழி உண்டு. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியா என்று பார்த்து, ஆபரேஷனுக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலும் விசாரியுங்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஞாபகத்துக்கு: லேசான சாப்பாட்டுக்கும் மயக்கத்துக்கும் நடுவே ஆறு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம், உங்கள் டாக்டர் வேறு சொன்னால் அவர் சொல்வதுதான். ஆடுகிற பல் இருந்தால் சொல்லுங்கள், குழாய் போடும்போது உதிர்ந்து உள்ளே போய்விடும். ஆபரேஷன் முடிந்த பிறகு, பார்க்க வருகிற சொந்தக்காரர்களை முதல் சில நாள் வீட்டிலேயே நிறுத்துங்கள். காற்றும் நீரும் வெளியேற நெஞ்சில் வைத்திருக்கிற குழாயின் பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே இருக்க வேண்டும், யாரும் தூக்கவோ குழாயை மடிக்கவோ கூடாது.

அடுத்த முறை மயக்க டாக்டரைப் பார்க்கப் போகும்போது சித்தப்பாவையும் கூட்டிப்போங்கள். வென்டிலேட்டர் கேள்வியை அவரே நேரில் கேட்கட்டும். பீடி விஷயத்தை அப்பாவே சொன்னால் நல்லது, அவர் வாயைத் திறக்காவிட்டால் நீங்கள் சொல்லிவிடுங்கள்.